சுக்கு கடித்த பிளவுஸ்

தை மாசக் கல்யாணம் ஒன்றுக்கு நான்கு நாள்தான் இருந்தது. கொக்கி மட்டும் வைக்க வேண்டிய பட்டு பிளவுஸ். டீ குடித்துவிட்டு வருவதற்குள் அதன் இடது கையை எங்கள் நாய்க்குட்டி சுக்கு மென்று முடித்திருந்தாள். பார்டர், லைனிங், பின்னால் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று உள்ளே விட்டிருந்த துணி, எல்லாம் எச்சில் ஊறி ஒரே உருண்டை. “ஏட்டி, இங்க வந்து பாரு” என்று அம்மா கூப்பிட்டபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்தப் பிளவுஸ் துணி புடவையோடு வந்தது, கடையில் தேடினால் கிடைக்காது. தைக்கக் கொடுத்திருந்த அக்காவுக்கு போன் போட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கடைசியில் புடவையில் இடுப்பில் செருகும் முனையிலிருந்து முக்கால் முழம் வெட்டி வேறு கை தைத்துக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்த அக்கா வரவுமில்லை.

சுக்கு நாட்டு நாய். ஐப்பசி மழையில் பாளையங்கோட்டை பஸ் நிறுத்தத்தில் நனைந்துகொண்டிருந்தவளை என் மகன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். அப்போது இரண்டு மாசக் குட்டி, காய்ந்த சுக்கு நிறம். மார்கழியில் ஆரம்பித்தது கடி. முதலில் விளக்குமாறு. அப்புறம் செருப்பு, அதுவும் எப்போதும் இடது கால் மட்டும். அம்மாவின் கண்ணாடிக் கூடு. தையல் மிஷினின் தோல் பெல்ட் இரண்டு தடவை. பதப்படுத்திய தோல் அல்லவா, அவளுக்கு அது கறி மாதிரிதானே.

பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று அம்மா மிஷின் காலில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். சுக்கு பத்துத் தும்மல் தும்மினாள். நான் அதைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்கிவிட்டு ஒரு மணி நேரம் அழுதேன். நாய்க்கும் கண்ணும் மூக்கும் எரியும், அது பாவம். அப்புறம் வேப்பெண்ணெய். நாற்றத்துக்கு நாய் ஒதுங்கியது உண்மைதான், ஆனால் ஒரு சுடிதார் ஓரத்தில் கறை ஏறிவிட்டது.

பிளவுஸ் போன மறுநாள் காலையில் வேறொரு பயம். சுக்கு வெளிக்குப் போகும்போது பின்னால் ஒரு நூல் தொங்கியது. அம்மா பிடித்து இழுக்கப் போனார்கள். நான் தடுத்துவிட்டு கால்நடை டாக்டருக்கு போன் செய்தேன். இழுக்கவே கூடாது, உள்ளே சுற்றியிருந்தால் குடலை அறுத்துவிடும், உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். நல்லவேளை, நூல் தானாகவே வந்துவிட்டது. ஊசி இருந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

இருந்தாலும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அங்கேதான் அவர் சுக்குவின் வாயைத் திறந்து காட்டினார். குட்டிக்குப் பால்பல் இருபத்தெட்டு. நான்கு மாச வாக்கில் விழ ஆரம்பித்து, ஆறு ஏழு மாசத்துக்குள் நாற்பத்திரண்டு பல்லும் முளைத்துவிடுமாம். முன்வரிசையில் பாதி பொக்கை, ஈறு சிவந்து கிடந்தது. “பிள்ளைக்கும் இப்படித்தான் ஈறு நமநமங்கும்” என்றார்கள் அம்மா. அதற்குப் பிறகு அவர்கள் கோபமெல்லாம் என் மேல்தான்.

டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. “விளையாட என்ன கொடுக்கிறீங்க?” பெருமையாகச் சொன்னேன், வெட்டியது போக மிஞ்சுகிற துண்டுத் துணி, பழைய செருப்பு ஒன்று என்று. சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. காலடியில் சத்தம் போடாமல் கிடக்கட்டும் என்று ஒரு மாசமாகத் துணியை வாயில் திணித்துப் பழக்கியவள் நான். மிஞ்சிய துண்டு எது, மூவாயிரம் ரூபாய்ப் பட்டு எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

திட்டினால் குற்ற உணர்ச்சியோடு பார்க்கிறாளே என்றேன். என் மகன் போனில் தேடி ஒன்று வாசித்துக் காட்டினான். 2009-ல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் பதினான்கு நாய்களை வைத்துப் பார்த்திருக்கிறார். தப்பு செய்த நாயோ செய்யாத நாயோ, திட்டு வாங்கினால் அதே ‘குற்றவாளி முகம்’தான். அது நம் முகத்தைப் பார்த்து வருவது. நான் திட்டியதில் சுக்கு கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று, கட்டிலுக்கு அடியில் போய்க் கடிப்பது.

அன்றே துண்டுத் துணியெல்லாம் மூட்டை கட்டிப் பரணுக்குப் போனது. செருப்பு ஸ்டாண்டை ஆளுயரத்தில் அடித்தோம். மிஷின் அறை வாசலில் பழைய பிளைவுட் பலகை ஒன்று, நான் தாண்டிப் போவேன், அவளால் முடியாது. நான்கு மாசமாகத் தாண்டித் தாண்டி என் முழங்கால்தான் போச்சு. நூறு தடவை “சூ” சொன்னதைவிட அந்தப் பலகை அதிகம் செய்தது.

கடிக்க என்று தனியாக ஒரு ரப்பர் பொம்மை வாங்கினேன், நடுவில் ஓட்டை உள்ளது. நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பதிய வேண்டும், பதியாத அளவு கடினமென்றால் பல் உடையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓட்டையில் உப்பில்லாத தயிர்சாதம் அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் வீட்டில் நாய் இருப்பதே தெரியாது. ஈறுக்கு அந்தக் குளிர்ச்சி வேறு.

மாசியில் ஒரு நாள் பெருக்கும்போது அரிசி மாதிரி ஒரு பல் கிடைத்தது. சாணியில் பொதிந்து கூரையில் எறியலாமா என்று அம்மா கேட்டார்கள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நம் வீட்டில் ஏது சாணி, ஏது கூரை, கான்கிரீட் தளம். திருநீற்று டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

எதையாவது கவ்விவிட்டால் துரத்தக் கூடாது, துரத்தினால் அவளுக்கு அது ஓட்டப்பந்தயம். அவித்த முட்டையில் ஒரு கிள்ளு காட்டி “கொடு” என்பேன், போட்டுவிடுவாள். இதில் ஒரு வினை. பங்குனிக்கு மேல் பல்லெல்லாம் வந்து கடிப்பதும் நின்றது, ஆனால் பண்டமாற்று நிற்கவில்லை. இப்போது ஆடி மாசம், வேலை குறைவு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை இஞ்சு டேப்பை வாயில் கவ்வி வந்து, பல் படாமல் என் காலடியில் வைத்துவிட்டு அடுப்படியைப் பார்த்து நிற்கிறாள். பழைய டேப்தான், பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில் மார்கழியில் விழுந்த ஓட்டை இன்னும் இருக்கிறது. ஏதாவது அளவு அந்த இடத்தில் வந்தால் நான் இருபதிலிருந்து ஆரம்பித்து அளந்துகொள்கிறேன்.