இலங்கை முகவரியில் எது மாகாணம், எது மாவட்டம்?

1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் நிறைய. பழைய பிறப்புச் சான்றுக்கு எழுதுகிறவர்கள் முதலில் அங்குள்ள அடுக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 9 மாகாணம், 25 மாவட்டம். அதற்குக் கீழே பிரதேச செயலகம், கடைசியில் கிராம அலுவலர் பிரிவு. நம்மூர் கலெக்டர், தாசில்தார், வி.ஏ.ஓ. வரிசை மாதிரிதான். சான்று நகலுக்கு அணுக வேண்டியது பிரதேச செயலகம். பதிவு எண் இல்லையென்றால் தேதி, பெற்றோர் பெயர், எஸ்டேட் பெயர் கொடுத்துத் தேடச் சொல்லலாம்.

பெரும்பாலும் சிக்கல் ‘கண்டி’யில்தான். மலைநாடு முழுவதையும் பெரியவங்க கண்டி என்றே சொல்லிவிடுவார்கள். ஹட்டன், மஸ்கெலியா என்றால் நுவரெலியா மாவட்டம், மத்திய மாகாணம். பண்டாரவளை, அப்புத்தளை என்றால் பதுளை மாவட்டம், ஊவா மாகாணம். மாவட்டம் மாறினால் விண்ணப்பமும் வேறெங்கோ போய்விடும்.

எஸ்டேட் பெயர் மறந்துபோயிருந்தால் அங்கே மழை எந்த மாதங்களில் என்று பெரியவங்களிடம் கேளுங்கள்; எந்தப் பக்கம் என்று ஊகிக்கலாம். நடுமலையின் மேற்குச் சரிவில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். ஹட்டன் பக்கம் அப்படி. ஊவா அப்போது மழை மறைவு, ஆடிக் காற்றில் காய்கிற பல்லடம் போல. அங்கே ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை.

இன்னொன்று: 1988 முதல் 2006 வரையிலான ஆவணங்களில் ‘வடக்கு–கிழக்கு மாகாணம்’ என்றிருக்கும். 2007 முதல் அவை தனித்தனி. கிளிநொச்சி 1984இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது.