ஹெரால்டின் பின்பக்கம்: ஒரு ரிப்பேர் நாட்குறிப்பு

ஜனவரி 5, 2025, ஞாயிறு

பின்பக்கத்துச் சத்தத்தை இனியும் தள்ளிப்போட முடியாது. வேகத்தடை ஏறி இறங்கினாலே இடது பக்கம் 'டொக்' என்கிறது. பின்னால் நின்று பார்த்தால் இரண்டு சக்கரங்களும் மேலே உள்வாங்கிச் சாய்ந்திருக்கின்றன. டயர்களும் உள் ஓரத்தில்தான் தேய்ந்திருக்கின்றன.

வண்டி 1965 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம்ம ஊர் வண்டி, வண்டலூர் ஃபேக்டரியில் செய்தது. இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் இதற்கு மூலம். வடிவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி. அம்பாசடரிலும் ஃபியட்டிலும் பின்னால் ஒரே நீள ஆக்ஸில், பக்கத்துக்கு ஒரு பட்டை (லீஃப் ஸ்பிரிங்). இதில் அப்படி இல்லை. டிஃபரன்ஷியல் (இன்ஜின் சக்தியை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) சேசிஸோடு பிணைந்து நடுவில் அசையாமல் இருக்கும். அதன் இரு புறமும் ஆக்ஸில் தனித்தனியாக ஏறி இறங்கும்; இதற்குத்தான் ஸ்விங் ஆக்ஸில் என்று பெயர். குறுக்கே போகும் ஒரே பட்டைக்கட்டு இரண்டு சக்கரங்களையும் தாங்கும். பட்டை தொய்ந்தால் சக்கரமும் சாயும்.

"இந்த ஸ்விங் ஆக்ஸிலே ஆபத்து, கழட்டிட்டு வேற ஆக்ஸில் போட்டுடுங்க" என்று பார்க்கிறவர்களெல்லாம் சொல்கிறார்கள். 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கேஸல் காரில் கம்பெனியே அதை மாற்றியது உண்மைதான். நான் மாற்றப் போவதில்லை. இந்த வண்டிகள் வாங்கிய கெட்ட பெயரில் பெரும்பங்கு தேய்ந்த புஷ்ஷுக்கும் (மூட்டுக்குள் உட்காரும் ரப்பர் அல்லது நைலான் வளையம்), கண்டபடி உயர்த்திய பட்டைக்கும் சேர வேண்டியது என்பது என் உறுதியான எண்ணம்.

ஜனவரி 11, சனி

மெக்கானிக் அண்ணன் நங்கநல்லூருக்கே வந்துவிட்டார். எழுபதைத் தாண்டியவர், இன்னும் தரையில் படுத்துத்தான் பார்ப்பார். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து நான் ஆட்ட, அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) மட்டும் தனியாக ஆடினால் பேரிங் போயிருக்கிறது என்று அர்த்தம். ஹப்பைத் தாங்கும் ஹவுசிங்கே வெர்டிக்கல் லிங்க்குக்குள் (பட்டையின் முனையையும் ஹவுசிங்கையும் இணைக்கும் செங்குத்துத் துண்டு) ஆடினால் கீழே இருக்கும் டிரன்னியன், அதாவது அந்த மூட்டின் புஷ் போயிருக்கிறது.

"பேரிங் நல்லா இருக்கு தம்பி. டிரன்னியன்தான், ரெண்டு பக்கமும்."

முன்னும் பின்னுமாக ஆட்டியபோது ரேடியஸ் ஆர்மின் (சக்கரத்தை முன்பின் நகராமல் பிடிக்கும் கம்பி) ரப்பர் புஷ் வாய் பிளந்தது. பட்டையின் கண் புஷ் நீள்வட்டமாகிவிட்டது. ஷாக் அப்சார்பர் இரண்டிலும் ஆயில் கசிவு. யுனிவர்சல் ஜாயின்ட் கிராஸ்களில் ஆட்டம் இல்லை, அதுவரை நிம்மதி.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று முழுக்க ஒரே ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டினோம்.

முதலில் பாதுகாப்பு விஷயம். இந்த வண்டியில் சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதைத் தடுத்து வைத்திருப்பது ஷாக் அப்சார்பர்தான். வெர்டிக்கல் லிங்க்குக்கு அடியில் ஜாக்கி கொடுத்துப் பட்டையின் பாரத்தை ஏற்காமல் ஷாக் அப்சார்பரைக் கழற்றினால், லிங்க் சட்டென்று கீழே பாயும். கைவிரல் போய்விடும்.

பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், டிஃபரன்ஷியல் பக்கம் நாலு போல்ட் எல்லாம் சுலபமாக வந்தன. டிரன்னியன் போல்ட் மட்டும் அசையவில்லை. அந்த நீள போல்ட் ஓர் இரும்பு ஸ்லீவுக்குள் போகிறது. ஸ்லீவைச் சுற்றி நைலான் புஷ். ஆண்டுக்கணக்கில் தண்ணீர் இறங்கி, போல்ட்டும் ஸ்லீவும் துருவில் ஒட்டி ஒன்றாகிவிட்டன. நட்டு கழன்றது. போல்ட்டைத் திருப்பினால் ஸ்லீவும் சேர்ந்து சுற்றுகிறது. துரு நீக்கும் எண்ணெய் ஊற்றிக் காத்திருந்தோம், சம்மட்டியால் தட்டினோம், காய்ச்சினோம். சாயங்காலம் அண்ணன் ஹாக்சாவை எடுத்தார். ஹவுசிங்குக்கும் லிங்க்கின் காதுக்கும் இடையில் பிளேடை நுழைத்து இரண்டு முனையிலும் அறுத்தோம். லிங்க்கின் காதில் ஒரு கீறல்கூட இல்லை. இந்த வயதில் அந்தக் கையின் நிதானத்தைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

ஜனவரி 13, போகி

பின் சீட்டைத் தூக்கி, அதன் பின்னால் தரையிலுள்ள மூடியைக் கழற்றினால் பட்டைக்கட்டின் நடுப்பகுதி தெரியும். ஆறு நட்டு. பின்வரிசை ஸ்டட் (தலையில்லாத போல்ட்) மூன்றையும் எடுத்தால்தான் பட்டை பக்கவாட்டில் உருவி வரும். ஸ்டட்டில் இரண்டு நட்டுகளை எதிரெதிராக இறுக்கித் திருப்பினோம், வந்துவிட்டது. இனிப் பொங்கல் முடியும் வரை கடை எதுவும் திறக்காது.

ஜனவரி 18, சனி

புதுப்பேட்டை. ஹெரால்டு என்றாலே கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள், அப்புறம் பாசமாகப் பேசுகிறார்கள். பழைய இரும்புக் குவியலில் நல்ல அங்குல அளவு ரிங் ஸ்பேனர்கள் கிடைத்தன. மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டு இந்த நட்டுகளின் முனையைச் சிதைப்பது பெரிய பாவம்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு பெரியவர் பெட்டி பிரிக்காத ரப்பர் புஷ்களைத் தூசி தட்டிக் கொடுத்தார். ஆசையாகத்தான் இருந்தது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், கல்லாகியிருந்தது. ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் வயதாகும். அம்பத்தூரில் அளவு கொடுத்தால் ரப்பர் வார்த்துத் தருகிறார்கள், அங்கே கொடுத்துவிட்டேன். பாலியூரித்தேன் போடச் சொன்னார்கள். ரோட்டில் நிதானமாக ஓடும் இந்த வண்டிக்கு அந்த விறைப்பு தேவையில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

மாதவரத்தில் லாரிப் பட்டை கடை. "சார், ரெண்டு இஞ்ச் தூக்கி விட்டுடறேன், கூட ஒரு பட்டையும் சேர்த்துடலாம்" என்றார் கடைக்காரர். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது, ஸ்விங் ஆக்ஸிலில் வெளிப்பக்கச் சக்கரம் வாங்கும் பக்கவாட்டு விசை வண்டியின் பின்பக்கத்தை மேலே தூக்கும். தூக்கத் தூக்கச் சக்கரத்தின் அடிப்பாகம் உள்ளே மடங்கும், டயரின் பிடி போகும். பட்டையை முன்கூட்டியே உயர்த்தி வைத்தால் அந்த நிலைக்குப் பாதி தூரம் நாமே கொண்டுபோய் விடுகிறோம். ஆள் உட்கார்ந்த பிறகு சக்கரத்தின் மேல்பகுதி லேசாக உள்ளே சாய்ந்திருப்பதுதான் நல்லது. தொய்வு மட்டும் போகும்படி அளவாக வளைவு ஏற்றச் சொன்னேன். முணுமுணுத்தாலும் சுத்தமாகச் செய்து கொடுத்தார்.

ஜனவரி 25, சனி

கிண்டி எஸ்டேட்டில் லேத். நைலான் கம்பியிலிருந்து புஷ், புது ஸ்லீவ். லேத்துக்காரர் தானாகவே ஒரு விஷயம் சொன்னார்: நைலான் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பும், மெட்ராஸ் காத்துக்கு இறுக்கமாகக் கடையக் கூடாது. சரியான ஆள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கோத்தாகிவிட்டது. ஸ்லீவுக்குள்ளும் வெளியிலும் கிரீஸ், போல்ட்டில் ஒட்டாமல் இருக்கும் பூச்சு, தூசி சீல் புதிது, ஷாக் அப்சார்பர் புதிது. ரேடியஸ் ஆர்ம் பிராக்கெட்டில் இருந்த ஷிம்களை (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடுகள்)க் கழற்றும்போதே பக்கவாரியாகக் கட்டி வைத்திருந்தேன். சக்கரத்தின் நேர்கோடு அவற்றை நம்பித்தான் இருக்கிறது.

ரப்பர் புஷ் போல்ட்களைக் கடைசி இறுக்கம் இறுக்கவில்லை. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, சீட்டுகளில் ஆள் பாரத்துக்காக 25 கிலோ அரிசி மூட்டைகளை அடுக்கிய பிறகுதான் அண்ணன் அடியில் போனார். அம்மா மட்டும் மூட்டைகளை எண்ணிக்கொண்டே நின்றார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை ஆறு மணிக்குக் கத்திப்பாரா மேம்பாலம். அங்கே சுற்றி இறங்கும் வளைவுகளை விட நல்ல சோதனை இந்த ஊரில் இல்லை. முன்பெல்லாம் பாதி வளைவில் பின்பக்கம் தானாக ஒரு முறை திரும்பும், ஸ்டீயரிங்கைத் திருத்த வேண்டியிருக்கும். இன்று பிடித்த கோட்டிலேயே போனது. நடு வளைவில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விடும் பழக்கம் மட்டும் இந்த வண்டியில் என்றைக்கும் கூடாது, பின்பக்கம் எழும்பும். பக்கத்து சீட்டில் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்த்தோம். பட்டையின் நடு நட்டுகளில் இரண்டு மட்டும் கால் சுற்று வாங்கின, மற்றவை அசையவில்லை. புஷ், ஸ்லீவ், ரப்பர் எல்லாவற்றின் அளவுகளையும் வரைபடமாகப் போட்டு வைத்திருக்கிறேன். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் கேட்டால் தருகிறேன்.