ஒரு நிமிட வித்தியாசத்தில் ஒரு புயல்

காசிமேட்டில் மாலை வகுப்புக்கு வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை, 33 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள ஒரு பழுப்புக் குறுமீனில் வீசும் காற்றின் வேகத்தைக் கண்டுபிடிக்க வைத்தே தீருவது என்று இறங்கினேன். பலரும் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். காற்றின் வேகம் என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பழுப்புக் குறுமீன் என்பது வியாழனைப்போல் 13 முதல் ஏறத்தாழ 80 மடங்கு நிறை கொண்டது. சூரியனைப்போல் ஹைட்ரஜனைப் பிணைத்து ஒளிர்ந்துகொண்டே இருக்க அது போதாது. சூடான குறுமீன்களில் சிலிக்கேட் துகள்களும் இரும்பும் மேகமாகத் திரளும். தரையே இல்லாத இடத்தில் காற்றை எதை வைத்து அளப்பது? வானியலாளர் கேட்லின் ஆலர்ஸ் குழுவினர் 2020-இல் வழி காட்டினார்கள். மேகங்கள் சுற்றிவரும் நேரம் அகச்சிவப்பு ஒளியில் தெரியும். உட்பகுதி சுழலும் நேரம், அதன் காந்தப்புலம் எழுப்பும் ரேடியோ அலையில் தெரியும். மேகம் முந்தினால், முந்துகிற அளவுதான் காற்று.

முதலில் வியாழனைப் போட்டுப் பார்த்தோம். நடுக்கோட்டு மேகங்களுக்கு 9 மணி 50 நிமிடம், உட்பகுதிக்கு 9 மணி 55 நிமிடம். சுற்றளவை வகுத்துக் கழித்தால் மணிக்குச் சுமார் 380 கி.மீ. வந்தது. அடுத்து, ஆலர்ஸ் குழு அளந்த அந்தக் குறுமீன்: ரேடியோவில் 1.758 மணி, அகச்சிவப்பில் 1.741 மணி.

"ஒரு நிமிடம்தானே அக்கா, அதில் என்ன காற்று இருந்துவிடப் போகிறது?" என்றாள் ஒரு மாணவி.

ஆரம் 67,000 கி.மீ. என்று வைத்துக்கொண்டோம். மேகத்துக்கு மணிக்கு 2,41,800; உட்பகுதிக்கு 2,39,460. கழித்தால் 2,340 கி.மீ. ஒருவன் மட்டும் 2,750 என்றான். அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன்: 1.76, 1.74 என்று முழுமையாக்கியிருந்தான். இரண்டு பெரிய எண்களின் சிறு வித்தியாசத்தைத் தேடும்போது மூன்றாவது தசம இலக்கம் எவ்வளவு பெரியது என்பதை, நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இத்தனை தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. அந்த இரண்டு விடைகளையும் பலகையில் அருகருகே எழுதி வைத்தேன்.

ஆய்வாளர்களே நொடிக்கு 650 மீட்டர், கூடவோ குறையவோ 310 என்றுதான் சொல்கிறார்கள்; மணிக்கு என்றால் 2,340 கி.மீ., கூடவோ குறையவோ சுமார் 1,100. அதையும் எழுதச் சொன்னேன். பிழை எல்லையை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

"அப்படியானால் 1,200-ஆகவும் இருக்கலாமா அக்கா?" என்றாள் அதே மாணவி.

"இருக்கலாம். 3,400-ஆகவும் இருக்கலாம்."

அவள் விடவில்லை. 2016-இல் வர்தா புயல் மணிக்கு எவ்வளவு வேகத்தில் வீசியது என்று கேட்டாள். நூற்றுச் சொச்சம் என்றேன். 1,200-ஐ எடுத்துக்கொண்டாலும் ஏறத்தாழப் பத்து மடங்கு வரும் என்று அவளே வகுத்துச் சொன்னாள்.