அட்சயவடத்தில் விட்ட கோவைக்காய்

அப்பாவுக்குப் பிண்டம் போடத்தான் கயா போனோம். பல்குனி ஆற்றங்கரை, விஷ்ணுபாதம், கடைசியாக அட்சயவடம். அந்த ஆலமரத்தடியில், பிடித்த காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் ஆயுசுக்கும் விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். வாத்தியார் கேட்டதும் “கோவைக்காய், சீத்தாப்பழம்” என்றேன். மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் புத்தகயா. 12 கி.மீ.தான். அந்த ஊரைத் தொட்டு வரும் நிரஞ்சனா ஆறுதான் கீழே கயாவில் பல்குனி ஆகிறது.

மகாபோதி கோயிலுக்குள் செல்போன் கூடாது. வாசலிலேயே வைத்துவிட வேண்டும். சடங்கே இல்லாத இடம் என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவோம். திபெத்தியர்கள் பலகையில் விழுந்து விழுந்து வணங்குகிறார்கள். பூத்தட்டு, ஊதுபத்தி, சூத்திர ஓதல் எல்லாம் உண்டு. புத்தர் உயிர் நீத்த குசிநகரில் சால மரங்கள் பருவம் தப்பிப் பூத்துத் தன் மேல் சொரிந்தபோது, இது எனக்குப் பூசை அல்ல, அறவழியில் நடப்பவனே என்னைப் பூசிப்பவன் என்று புத்தர் ஆனந்தரிடம் சொன்னதாக அவருடைய கடைசி நாட்களைச் சொல்லும் மகாபரிநிப்பான சூத்திரத்தில் வருகிறது. மனிதர்களுக்குப் பூ வைக்காமல் முடியவில்லை. எனக்கும்தான், தாமரை ஒன்று வாங்கியிருந்தேன்.

கோயிலின் மேற்கே போதி மரம். 1876இல் பழைய மரம் விழுந்தபின் அதன் வாரிசாக வளர்ந்தது. அதன் எதிரே சப்பணமிட்டேன். இங்கே சங்கல்பம் சொல்லித்தர யாரும் இல்லை. மூச்சு வருவதையும் போவதையும் பார் என்பதுதான் ஆனாபானசதி என்ற பௌத்தத் தியானம். நாலு மூச்சுகூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. கை சட்டைப்பையைத் தடவுகிறது, இல்லாத போனுக்காக. அப்புறம் மதியச் சாப்பாடு, ரயில் டிக்கெட். அதற்கும் பிறகு, கூப்பிடாமலே, கோவைக்காய்.

எனக்குக் கோவைக்காய் சிறுவயதிலிருந்தே ஆகாது. சீத்தாப்பழம் தின்றால் சளி பிடிக்கும். கத்தரிக்காயும் மாம்பழமும் நாக்கு நுனி வரை வந்ததையும், அவற்றை விழுங்கிவிட்டு வேறு பெயர் சொன்னதையும் இப்போது தெளிவாகப் பார்த்தேன். அப்பாவிடமே பேரம். வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் கொஞ்சநேரம் பார்த்தேன். அது போனபாடில்லை.

“போலாமா?” என்றாள் மனைவி.

“நேத்து நான் விட்டது...”

“கோவைக்காய் தானே? நம்ம வீட்ல எப்போ செஞ்சிருக்கேன்?”

எழுந்திருக்கும்போது மரத்திலிருந்து இலை ஒன்று சுழன்று இறங்கியது. நாலைந்து கைகள் பாய்ந்தன. வெள்ளைச் சேலை கட்டிய இலங்கைப் பாட்டி ஒருவருக்குக் கிடைத்தது. பாய்ந்த கைகளில் என்னுடையதும் ஒன்று.