கண் போட்ட எடை

கிராமத்து முகாம்களில் பிபி பார்க்கிற வேலை எனக்கு. ஒரு மேசை, ஒரு எடை மெஷின், ஒரு பிபி மெஷின், வாசல் தாண்டி நிற்கிற வரிசை. வரிசை நீள நீள, மெஷினுக்கு முன்னால் கண் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். குண்டாக ஒருவர் வந்தால் ‘இவருக்கு இருக்கும்’ என்று மனசு முடிவு கட்டிவிடும். ஒல்லியாக வந்தால் கை தானாக அவசரப்படும்.

அப்படித்தான் ஒரு பெரியவரை விட்டேன். எலும்பும் தோலுமாக, வயலிலிருந்து நேராக வந்திருந்தார். “காத்தடிச்சா பறக்கிற உடம்பு, எனக்கெதுக்கும்மா பிபி?” என்று சிரித்தார். நானும் சிரித்து, “சரிங்கய்யா, அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்றேன். அடுத்த தடவை மகள்தான் பிடித்து உட்கார வைத்தாள். 186/108. ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லி மறுபடி எடுத்தேன். 182/106. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே, “அப்ப போன தடவையே இருந்திருக்குமோ?” என்று கேட்டார். நான் சீட்டில் எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. பருத்த கை உள்ள ஓர் அம்மா. கையில் சுற்றும் பிபி பட்டையை, அதாவது கஃபைச் சுற்றி ஒட்டினால், காற்று ஏறும்போதே ‘சர்ர்’ரென்று பிரிந்துகொண்டது. இழுத்துப் பிடித்து எடுத்தேன்: 152/96. டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து பெரிய கஃப் எடுத்துக் கொடுத்தார். 134/84! கஃபுக்குள் இருக்கும் காற்றுப்பை கையில் 80 சதவீதமாவது சுற்றி வரவேண்டும். சிறிதாக இருந்தால் அளவு ஏற்றிக் காட்டும். படித்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான். ஆனால் எங்கள் பெட்டியில் இருந்ததே ஒரே ஒரு கஃப். அதற்கு முன் எத்தனை பருத்த கைகளுக்கு அதே கஃபால் எண் எழுதினேனோ!

அதற்காக எடைக்கும் பிபிக்கும் சம்பந்தமில்லை என்று ஆகாது. நன்றாகவே இருக்கிறது. ‘கொழுப்பு குழாயை அடைக்குது’ என்றுதான் நாங்களும் ஊரில் சொல்லி வந்தோம். அது பாதிக் கதைகூட இல்லை. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சிறுநீரகத்தை அழுத்துகிறது, நரம்புகளை முடுக்கிவிடுகிறது, சில ஹார்மோன்களைக் கூட்டுகிறது. சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, உப்போடு தண்ணீரும் தங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. இதனால்தான் எடை மெஷினை விட இன்ச் டேப்பை நான் அதிகம் நம்புகிறேன். கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் வந்திருப்பவரை, எடையை உயரத்தோடு வைத்துக் கணக்கிடும் பிஎம்ஐ எளிதில் தப்பவிட்டுவிடும். ஆசிய மக்களுக்குப் பிஎம்ஐ 25 வரை காத்திருக்காமல் 23-லேயே கவனிக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2004-இல் யோசனை சொன்னதும் இந்த மாதிரி உடம்புகளை வைத்துத்தான்.

‘உழைக்கிற ஊரு, இங்க யாருக்கு எடை போடும்?’ என்பது இன்னொரு நம்பிக்கை. 1985 முதல் 2017 வரை உலக அளவில் சராசரி பிஎம்ஐ கூடியதில் பாதிக்கு மேல் கிராமங்களால் வந்தது என்று 2019-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. உழவுக்கு மெஷின், தண்ணீருக்கு வீட்டுக்குள் குழாய், அடுத்த தெருவுக்குப் போக வண்டி. உடம்புக்கு வேலை குறைந்தது. சாப்பாட்டின் அளவு அப்படியே நின்றது.

ஐந்து கிலோ குறைத்தால் பிபியின் மேல் எண் சராசரியாக நான்கைந்து புள்ளி இறங்கும். ஒருவர் நான்கு கிலோ குறைத்துவிட்டு வந்து, “இவ்வளவுதானா சிஸ்டர்?” என்று முகம் வாடினார். மாத்திரையை அவராகவே நிறுத்தியிருந்தார். அன்று முழுக்க அவரோடுதான் போராட்டம்.

எடையைச் சத்தமாகச் சொல்லும் பழக்கம் எங்களிடம் இருந்தது. ஒருவர் சொல்ல, ஒருவர் எழுதுவார். ‘எண்பத்தாறு’ என்றதும் பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் அப்புறம் மூன்று முகாம்களுக்கு வரவில்லை. இப்போது மெஷினைச் சுவர்ப் பக்கம் வைத்து, எண்ணைச் சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்கிறேன். சிலர் பிரித்தே பார்ப்பதில்லை. பையில் போட்டுக்கொண்டு பிபிக்குக் கையை நீட்டுகிறார்கள்.