கிளுவந்தடி

நேற்று நல்லூரடியில் என்னோடு படித்த ஒருவனைக் கண்டேன். ஏழாம் வகுப்பில் நான் மொனிற்றர். அவன் வீட்டுவேலை செய்யவில்லை என்று சேர் வேலியில் முறித்த கிளுவந்தடியை என் கையில் தந்து அடிக்கச் சொன்னார், அடித்தேன், மெதுவாக அடித்தபோது 'இன்னும் பலமாய்' என்றார், அதையும் செய்தேன். அவன் உள்ளங்கையில் தடித்து எழும்பிய கோடு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. எனக்கு அவன்மேல் ஒரு கோபமும் இருக்கவில்லை.

1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையும் இதுதான். அடுத்த அறையில் இருப்பவர் பிழையான விடை சொன்னால், ஒவ்வொரு முறையும் கூட்டிக்கூட்டிக் கரண்ட் அடிக்க வேண்டும் என்று சோதனை நடத்துகிறவர் சொல்வார். (உண்மையில் கரண்ட் இல்லை, அழுத்தியவர்களுக்கு அது தெரியாது.) 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். வியர்த்து, நடுங்கி, நிறுத்தலாமா என்று கேட்டுக்கேட்டே அழுத்தினார்கள், பொறுப்பு சொல்கிறவருடையது என்று அவர்கள் நினைத்ததுதான் காரணம் என்றார் மில்கிராம். நானும் அப்படித்தான், அடிப்பது சேர், நான் வெறும் கை என்று.

மில்கிராம் அதே சோதனையை இன்னொரு விதமாய்ச் செய்தார்; கூட இருந்த இருவர் ஏலாது என்று எழும்பியபோது 40 பேரில் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள். எங்கள் வகுப்பில் ஒருவரும் எழும்பவில்லை.

நேற்று மன்னிப்புக் கேட்டேன். "விடு மச்சான், நீ அடிக்காட்டி உனக்கெல்லோ விழுந்திருக்கும்" என்றான். இல்லை. சேர் எனக்கு ஒருநாளும் அடித்ததில்லை.