நீர்வண்ணம்: தனியாகப் பழகியதும் கூடிப் பழகியதும்

வீடியோ பார்த்து நீர்வண்ணம் பழகிய காலத்தில் எனக்கு ஒன்றுமே வரவில்லை என்று சொல்ல முடியாது. சீரான வாஷ், அதாவது நீர்த்த வண்ணத்தைத் தாளில் அகலமாகப் பரப்பும் பூச்சு, போட வந்தது. பலகையைச் சற்றுச் சாய்த்து வைத்து, கீழ் ஓரத்தில் தேங்கும் வண்ணத்தை அடுத்த தீற்றலுக்கு இழுத்துக்கொண்டே வர வேண்டும் என்பது கைக்குப் பழகியிருந்தது. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்தால் விதவிதமான சாம்பல் நிறங்கள் கிடைக்கும் என்பதும் தெரிந்திருந்தது. அதற்குமேல் வண்டி நகரவில்லை. ஈரத்தின்மேல் ஈரம் வைக்கும் இடங்களில் வண்ணம் கட்டுக்கடங்காமல் ஓடும்; இல்லையென்றால் பூக்கோசு விரிந்ததுபோல ஓரம் நெளிந்து கறை பிடித்துவிடும். வீடியோவில் வரைபவருக்கு இது நடப்பதே இல்லை. நடந்தாலும் வெட்டி எடுத்துவிடுவார்கள்.

இப்போது வாரக்கடைசிகளில் ஐந்து பேர் கூடி வரைகிறோம். பணி ஓய்வு பெற்ற பெரியவர், கல்லூரி மாணவி, இரவுப் பணி முடித்த கையோடு வரும் செவிலியர், அவருடைய தம்பி, நான். ஆசிரியர் என்று யாரும் இல்லை. ஒருவருக்கொருவர் ஊக்கம் கொடுப்போம் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். ஊக்கத்தால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் அடுத்தவர் கையைப் பக்கத்திலிருந்து பார்த்ததால் நடந்தது.

அந்தப் பூக்கோசுக் கறை தீர்ந்த விதத்தைச் சொல்கிறேன். மேசையில் ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்து எல்லோரும் வரைந்துகொண்டிருந்தோம். மாணவி ஒவ்வொரு முறையும் தூரிகையை வண்ணத்தில் தோய்த்த பிறகு பக்கத்தில் மடித்து வைத்திருந்த துணியில் ஒரு ஒற்று ஒற்றினாள். பிறகு தலையைச் சாய்த்துத் தாளைப் பக்கவாட்டில் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் தூரிகை தாளைத் தொட்டது. எதற்காக அப்படிப் பார்க்கிறாய் என்று கேட்டேன்.

“அண்ணா, நீங்கள் நிறத்தை மட்டும் பார்க்கிறீர்கள். தாளின் பளபளப்பைப் பாருங்கள். மினுமினு என்று இருந்தால் எதை வைத்தாலும் ஓடிவிடும். மினுக்கம் அப்போதுதான் அடங்கியிருந்தால் வைக்கலாம். ஆனால் தூரிகையில் இருக்கும் தண்ணீர் தாளில் இருப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.”

விஷயம் அவ்வளவுதான். பாதி காய்ந்த பரப்பில் அதிகத் தண்ணீருள்ள தூரிகை பட்டால், புதிதாக வந்த தண்ணீர் அங்கிருக்கும் வண்ணத் துகள்களை வெளியே தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சேர்த்துவிடும். அந்தக் கறையின் காரணம் இதுதான். இதை நான் முன்பே படித்திருக்கிறேன். ஆனால் துணியில் ஒற்றுவது எவ்வளவு லேசான ஒற்று, தலையை எவ்வளவு சாய்த்தால் மினுக்கம் தெரிகிறது என்பதெல்லாம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தெரியும். வீடியோக்களில் கேமரா பெரும்பாலும் மேலேயிருந்து பார்க்கிறது. அந்தக் கோணத்தில் மினுக்கம் சரியாகத் தெரிவதில்லை.

கூடி வரைவதில் எனக்கு மிகவும் பயன்பட்ட இன்னொன்று, ஒரே பொருளை ஐந்து பேர் ஐந்து விதமாகத் தீர்த்துக்கொள்வது. குடுவைக் கண்ணாடியின் ஒளிப்புள்ளியை விட்டுவைக்க மாணவி மாஸ்கிங் திரவம் தடவினாள்; அது காய்ந்து வண்ணம் படாமல் தாளை மறைக்கும், பிறகு உரித்தெடுத்துவிடலாம். பெரியவர் அந்த இடத்தைச் சுற்றி வரைந்து தாளின் வெள்ளையைக் காப்பாற்றினார். செவிலியர் முழுவதும் வண்ணம் பூசிவிட்டு, ஈரத் தூரிகையால் ஒளியைத் துடைத்தெடுத்தார். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது: மாஸ்கிங் திரவத்தின் ஓரம் கத்தி வெட்டுப்போல நிற்கிறது, துடைத்தெடுத்தது மங்கலாக இருக்கிறது, சுற்றி வரைந்ததுதான் கண்ணாடியாகத் தெரிகிறது. நான் தனியாக இந்த மூன்றையும் செய்துபார்க்க எத்தனை தாளை வீணடித்திருப்பேனோ. நாங்கள் வரைவது 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள பருத்தித் தாளில், மனம்போல் கிழித்துப் போடக்கூடிய சரக்கு இல்லை.

1869ஆம் ஆண்டு கோடையில் பிரெஞ்சு ஓவியர்கள் மோனேயும் ரெனுவாரும் பாரிசுக்கு அருகே செய்ன் ஆற்றங்கரையில் லா கிரெனூயேர் என்ற இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து ஒரே காட்சியைத் தைலவண்ணத்தில் வரைந்தார்கள். அந்தப் படங்களைச் சேர்த்துப் பார்த்தால் மோனேயின் கண் தண்ணீர் மேலும், ரெனுவாரின் கண் மனிதர்கள் மேலும் போயிருப்பது தெரிகிறது. எங்களை அவர்களோடு ஒப்பிடவில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் என் கண் எங்கே போகிறது என்பதே மற்றவர்கள் படம் பக்கத்தில் இருக்கும்போதுதான் எனக்குத் தெரியவந்தது. நான் எப்போதும் நிழலைத்தான் முதலில் வரைகிறேன். பொருள் இரண்டாம்பட்சம்.

பாராட்டு விஷயத்தில் செவிலியர் ஒரு விதி கொண்டுவந்தார். “நன்றாக இருக்கிறது” என்று யாரும் சொல்லக் கூடாது. கண் முதலில் எந்த இடத்துக்குப் போனது, அடுத்து எங்கே போனது, எந்த இடத்தில் தடுக்கியது என்று மட்டும் சொல்ல வேண்டும். முதலில் இது விறைப்பாகத்தான் இருந்தது. பெரியவருக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் என் படத்தில் குடுவையைப் பார்க்காமல் எல்லோரும் இடது மூலையிலிருந்த ஒரு கரும்புள்ளியைப் பார்த்ததாகச் சொன்னபோது, அந்த விதியின் அருமை புரிந்தது. படத்தைச் செல்பேசியில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தோம். படத்திலேயே அழுத்தமான இடம் அந்த மூலைதான். நண்பர்கள் தரும் பாராட்டு இதைக் காட்டிக்கொடுத்திருக்காது.

எல்லாமே ஆதாயம் என்று எழுதினால் அது பொய். சில வாரங்கள் போனதும் எங்கள் ஐந்து பேருடைய நிழல்களும் ஒரே ஊதா கலந்த சாம்பலாகிவிட்டன. யாரிடமிருந்து தொற்றியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை; ஆளுக்கு ஆள் பழியை அடுத்தவர் மேல் போட்டோம். இப்போது வண்ணம் கலக்கும் வரை எதிரெதிர் திசையில் உட்காருகிறோம், முதல் வாஷ் காய்ந்த பிறகுதான் திரும்பிப் பார்க்கிறோம். காயும் நேரம் பேச்சுக்கும் வசதியாக இருக்கிறது. நீர்வண்ணத்தைப்போலக் கூட்டத்துக்கு ஏற்ற கலை வேறு இருக்குமா என்று தோன்றுகிறது; நடுநடுவே கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வைக்கிறதே.

இன்னொரு சங்கடம், புதிய உத்தியை எல்லோர் முன்னாலும் செய்ய வராது. கை நடுங்கும். இதற்குப் பழைய விளக்கம் ஒன்று உண்டு. சைக்கிள் ஓட்டுபவர்கள் தனியாக ஓட்டுவதைவிடப் பிறரோடு ஓட்டும்போது வேகமாகப் போகிறார்கள் என்பதைக் கவனித்த அமெரிக்க உளவியலாளர் நார்மன் டிரிப்லெட், தூண்டில் சுருளைச் சுற்றும் வேலையைச் சிறுவர்களிடம் கொடுத்துச் சோதித்து 1898இல் எழுதினார். ஆனால் பின்னால் வந்த சோதனைகள் சிலவற்றில் பிறர் பக்கத்தில் இருந்தால் வேலை மேம்பட்டது, சிலவற்றில் கெட்டது. 1965இல் உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ஸ் இந்த முரணுக்கு ஒரு காரணம் சொன்னார்: நன்கு பழகிய வேலை பிறர் முன்னிலையில் சிறக்கும், இன்னும் பழகாத வேலை தடுமாறும். எங்கள் மேசைக்கு இது அப்படியே பொருந்துகிறது. பளபளப்பு அடங்கும் தருணத்தைக் கூட்டத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்; பழகியது வீட்டில், பழைய தாள்களின் பின்பக்கத்தில். கை வசப்பட்ட பிறகு கூட்டத்தில் வரைந்தது, வீட்டில் வரைந்ததைவிடத் துணிச்சலாக வந்தது.

ஒரு விஷயம் எதிர்பாராதது. செவிலியரின் தம்பி எங்களுக்கெல்லாம் பிறகு சேர்ந்தவன். சாம்பல் நிறம் எப்படிக் கலப்பது என்று என்னிடம் கேட்டான். நீலத்தையும் பழுப்பையும் சேர் என்று சொன்னால் போதும் என்றிருந்தேன். “எது முதலில்? எவ்வளவு? ஏன் எனக்குச் சேறாக வருகிறது?” என்று அடுக்கினான். பதில் சொல்வதற்காகத்தான் என் கையையே நான் கவனித்தேன். நான் இரண்டையும் முழுதாகக் கலப்பதில்லை. தட்டில் பாதி கலந்து, மீதியைத் தாளில் தானாகக் கலக்க விடுகிறேன். அவன் குழைத்துக் குழைத்து உயிரை எடுத்திருந்தான். அவன் கேட்டிராவிட்டால், என் சாம்பலில் ஓரிடம் நீலமாகவும் ஓரிடம் பழுப்பாகவும் தெரிவதன் காரணம் எனக்கே தெரிந்திருக்காது.

இப்போதைய நிலவரம்: வாஷ், கண்ணாடி, நிழல் மூன்றும் ஓரளவு பிடிபட்டுவிட்டன. மரங்கள் இன்னும் பச்சைப் பஞ்சு மூட்டைகளாகத்தான் இருக்கின்றன. அடுத்ததாக, பாதி வரைந்த படத்தை வலப்பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து அவர் முடிக்க வேண்டும் என்று மாணவி ஒரு யோசனை வைத்திருக்கிறாள். நால்வர் சம்மதித்துவிட்டோம். பெரியவர் மட்டும் தான் போட்ட வானத்தில் வேறு யாரும் தூரிகை வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறார். அவர் வலப்பக்கத்தில் உட்காருவது நான்தான்.